காய்ஞ்ச மரமும் கேம் பாயும்

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. சால்டரிங் அயர்ன் பிடிச்சுப் பழக்கம் இல்லாதவங்களும் தைரியமா உள்ள வரலாம். பெரும்பகுதி சரித்திரம்தான், ரிப்பேர் நடுநடுவுல வரும்.

கையடக்க வீடியோ கேம் பொட்டிகளோட சரித்திரத்தை யார் எழுதினாலும் விற்பனைக் கணக்குல ஆரம்பிச்சு விற்பனைக் கணக்குலயே முடிச்சுடுறாங்க. 1989-ல நிண்டெண்டோவோட கேம் பாய் வந்துச்சு. அதே வருஷம் அட்டாரியோட லிங்க்ஸ். 1990-ல சேகாவோட கேம் கியர். பின்னாடி வந்த ரெண்டுலயும் கலர் திரை, கேம் பாய்ல கறுப்பும் பாசிப்பச்சையும்தான். ஆனா ஜெயிச்சது கேம் பாய். அதுவும் அதோட தம்பி கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 86 லட்சம் பொட்டிக்கு மேல வித்துச்சு. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோட நின்னு போச்சு. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது, கடையைக் கட்டு.

இந்தக் கதையில எனக்கு ஒரு குறை உண்டு. கதை 1990-கள்லயே முடிஞ்சு போகுது, பொட்டிகள் முடிஞ்சு போகலை. அதெல்லாம் பரண்லயும் அட்டைப்பெட்டியிலயும் முப்பது வருஷத்துக்கு மேல கிடந்து, இப்ப ஒவ்வொண்ணா வெளியில வருது. பொழுதுபோக்கா பழைய எலெக்ட்ரானிக் சாமான்களைப் பிரிச்சு மேயற ஆள் நான். என் மேசைக்கு கேம் பாயும் வருது, கேம் கியரும் வருது. ரெண்டும் செத்துத்தான் வருது. ஆனா சாகிற விதம் வேற வேற. உள்ள இருக்கிற போர்டைப் பார்த்தாலே, செஞ்சவங்க அன்னிக்கு எப்படி யோசிச்சாங்கன்னு தெரியுது. விற்பனைக் கணக்கு சொல்லாத சரித்திரம் அந்த போர்டுல இருக்கு. அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

1. மெஷின் பார்த்துக்க வந்த ஆள்

கேம் பாயோட தகப்பன்னு சொல்லணும்னா குன்பேய் யோகோய் பேரைத்தான் சொல்லணும். கியோத்தோக்காரர். எலெக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு 1965-ல நிண்டெண்டோவுல வேலைக்குச் சேர்ந்தார். அப்ப நிண்டெண்டோ வீடியோ கேம் கம்பெனி இல்லை; 1889-லேர்ந்து ஹனாஃபுடாங்கிற ஜப்பானியச் சீட்டுக்கட்டு செஞ்சு வித்துகிட்டு இருந்த கம்பெனி. யோகோய்க்குக் கொடுத்த வேலை, சீட்டு அடிக்கிற மெஷின் நின்னு போகாம பார்த்துக்கிறது. நம்ம பாஷையில சொன்னா மெயின்டனன்ஸ் ஆளு. கேம் பாய் ஒரு ரிப்பேர்க்காரர் தலையில உதிச்ச பொருள்ங்கிறதை நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன்.

மெஷின் ஒழுங்கா ஓடுற நேரத்துல பொழுது போகாம, நீட்டி மடக்குற ஒரு பொம்மைக் கையைச் செஞ்சு விளையாடிகிட்டு இருந்திருக்கார். முதலாளி ஹிரோஷி யமவுச்சி கண்ணுல பட்டுடுச்சு. திட்டு விழும்னு நினைச்சா, 'இதையே விக்கிற பொருளா செய்'ன்னுட்டார். 1966-ல 'அல்ட்ரா ஹேண்ட்'னு வந்து பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. யோகோய் பொம்மை செய்யற ஆளா மாறினார்.

அடுத்த கட்டம் ரயில்ல. ஷின்கான்சென்ல ஒரு பயணி பொழுது போகாம கால்குலேட்டர் பொத்தானை அமுக்கி அமுக்கி விளையாடிகிட்டு இருந்ததைப் பார்த்ததாகவும், அதுலேர்ந்துதான் பாக்கெட்ல வைக்கிற கேம் பத்தின யோசனை வந்ததாகவும் யோகோயே சொல்லியிருக்கார். அது ஷார்ப்பும் கேசியோவும் கால்குலேட்டர்ல விலையைக் குறைச்சுக் குறைச்சு அடிச்சுகிட்ட காலம். அதனால எல்சிடி திரையும் அதுக்கான சிப்பும் மலிஞ்சு கிடந்துச்சு. கால்குலேட்டர் சாமானை வச்சு 1980-ல 'கேம் அண்ட் வாட்ச்' வந்துச்சு. திரை ஷார்ப் கொடுத்தது.

யோகோய் இதுக்கு ஒரு கொள்கைப் பேரே வச்சிருந்தார்: 'கரேத்த கிஜுத்ஸு நோ சூய்ஹேய் ஷிகோ'. இங்கிலீஷ்ல இதை 'வாடிப்போன தொழில்நுட்பத்தை வச்சுப் பக்கவாட்டில் யோசிப்பது'ங்கிற மாதிரி மொழிபெயர்ப்பாங்க. 'வாடிப்போன'ன்னதும் ஏதோ செத்த கீரைக்கட்டு ஞாபகம் வருது, இல்லையா? எனக்கு அந்த மொழிபெயர்ப்பு சரியாப் படலை. 'கரேத்த'ன்னா காய்ஞ்ச, உலர்ந்தன்னும் அர்த்தம். ஜப்பான்ல எஞ்சினியர்கள் இந்தச் சொல்லை ரொம்ப நாள் புழங்கி, அதோட குறையெல்லாம் தெரிஞ்சுபோன தொழில்நுட்பத்துக்கு வச்சுச் சொல்றாங்க.

இதுக்குத் தமிழ்ல கனகச்சிதமா ஒண்ணு இருக்கு: காய்ஞ்ச மரம். எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார், பச்சை மரத்துல கதவு செய்யக்கூடாது. மழைக்கு உப்பும், வெயிலுக்குக் கோணும். அறுத்து அடுக்கிக் காயப்போட்ட மரத்துலதான் செய்யணும். காயறப்ப எங்க வெடிக்கணுமோ அங்க வெடிச்சு, எவ்வளவு வளையணுமோ அவ்வளவு வளைஞ்சு முடிச்சிருக்கும். இனிமே அது நம்மளை ஏமாத்தாது. யோகோய் சொன்னதை நான் அப்படித்தான் புரிஞ்சுக்கறேன். மலிவு அதுல பாதிதான். 'இது எங்க உடையும்னு ஏற்கெனவே தெரியும்'ங்கிறது மீதிப் பாதி.

2. ரெண்டு பொட்டி, ரெண்டு புத்தி

1989 ஏப்ரல் 21-ல ஜப்பான்ல கேம் பாய் வந்தப்ப விலை 12,500 யென். உள்ள ஷார்ப் செஞ்ச சிப், ஏறத்தாழ 4.19 மெகாஹெர்ட்ஸ் வேகம். 8 கிலோபைட் நினைவகம், திரைக்குத் தனியா இன்னொரு 8. திரையில 160-க்கு 144 புள்ளி, நாலே நாலு சாயல், பின்னாடி விளக்கு கிடையாது. நாலு பென்டார்ச் செல் போட்டா 15 மணி நேரம் போல ஓடும்.

1990 அக்டோபர் 6-ல வந்த கேம் கியர்லயும் புள்ளிக் கணக்கு அதே 160-க்கு 144. ஆனா கலர், பின்னாடி வெளிச்சம். அந்த வெளிச்சம் எல்இடி இல்லை, உள்ளுக்குள்ள நிஜமாவே ஒரு குட்டி டியூப்லைட்! ஆறு செல் போட்டாலும் மூணுலேர்ந்து அஞ்சு மணி நேரம்தான் தாங்கும். விலை 19,800 யென். அமெரிக்காவுல கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150 டாலர்.

கடையில பக்கத்துல பக்கத்துல வச்சா எந்தப் பையனும் கேம் கியரைத்தான் கையில எடுப்பான். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். இதுல சேகாவைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. அந்த வருஷத்துல கிடைச்ச நல்லதையெல்லாம் ஒரு பொட்டிக்குள்ள அடைச்சாங்க. வினை அப்படி அடைச்சதுல ஒரு சாமான்ல இருந்துச்சு.

3. கேம் கியர்: மீன் வாடை அடிக்கிற போர்டு

என் மேசைக்கு வர்ற கேம் கியர்கள் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஒரே வியாதி. சத்தம் வராது, இல்லைன்னா காதுல ஒட்டவச்சு கேக்கற அளவுக்கு முனகும். திரையில படம் மங்கலா, சாய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும். சிலது ஆன் பண்ணா ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சுடும். வெளியில கீறல்கூட இருக்காது. பெட்டியோட பத்திரமா வச்சிருந்ததும் இப்படித்தான் வருது. யாரும் கீழ போடலை, தண்ணி ஊத்தலை. சும்மா இருந்தே செத்துச்சு.

காரணம் கெப்பாசிட்டர். நம்ம ரேடியோ மெக்கானிக்குங்க கண்டென்சர்னு சொல்வாங்களே, அதேதான். 1980-களோட கடைசியில ஒரு மாற்றம் நடந்துச்சு. அதுவரைக்கும் சாமான்களுக்குக் கால் இருக்கும். போர்டுல துளை போட்டு, காலை நுழைச்சு, பின்பக்கம் ஈயம் வைப்பாங்க. பொட்டியைச் சின்னதாக்கணும்னு காலை வெட்டிட்டு, போர்டு மேலயே சாமானை உக்காரவச்சு ஒட்டற முறை பரவ ஆரம்பிச்சுது. எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரும் அப்படிக் குட்டியா, தகர டப்பா மாதிரி வந்துச்சு. அந்த டப்பாவுக்குள்ள ஒரு திரவம் உண்டு. அந்தக் காலத்துக் குட்டி டப்பாக்கள் பலதுல குவாட்டர்னரி அமோனியம் வகை உப்பு கலந்த திரவம் ஊத்தினாங்க. புதுசுல பிரமாதமா வேலை செஞ்சுது. ஆனா மைனஸ் கால் பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா காரம் உண்டாகி, அடியில இருக்கிற ரப்பர் அடைப்பை அரிச்சுது. அரிச்சு முடிக்கவே வருஷக்கணக்காகும். அதனால விக்கும்போது யாருக்கும் தெரியலை.

அதுதான் பச்சை மரம்.

இது சேகாவுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அதே காலத்து மேக்கின்டோஷ் கம்ப்யூட்டர்கள், ஷார்ப்போட எக்ஸ்68000, என்இசியோட டர்போ எக்ஸ்பிரஸ்னு எல்லாமே இதே கெப்பாசிட்டரால சீக்கு வந்ததுங்க. (2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் மதர்போர்டுகள்ல கெப்பாசிட்டர் உப்பி வெடிச்சுதே, அது வேற கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

சரி, ரிப்பேர். கேம் கியர்ல மெயின் போர்டு, சத்தத்துக்கு ஒண்ணு, கரண்டுக்கு ஒண்ணுன்னு மூணு போர்டு. மூணுலயும் சேர்த்து இருபது கெப்பாசிட்டர் பக்கம் வரும், ரகத்துக்கு ரகம் மாறும். ஒண்ணு போனா ஒண்ணை மட்டும் மாத்தறதுங்கிற பேச்சே இல்லை, எல்லாத்தையும் மாத்தணும். அயர்ன் வச்ச உடனே ஒரு வாடை வரும் பாருங்க... மத்தியானம் மூடின மீன் மார்க்கெட் தோத்துடும் :-) அந்த உப்பு சூட்டுல சிதைஞ்சு அமீன்களா மாறுது, அழுகின மீன் நாத்தத்துக்கும் அமீன்கள்தான் காரணம். வாடை வந்தா கசிஞ்சிருக்குன்னு உறுதி. ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க.

பழசைப் பிடுங்கறதுலதான் சூதானம் வேணும். கசிஞ்ச திரவம் அடியில இருக்கிற செம்புத் தகட்டைப் பிடிமானம் இல்லாம பண்ணி வச்சிருக்கும். இடுக்கியால பிடிச்சு முறுக்கினா தகடும் சேர்ந்து பேந்துக்கும். ரெண்டு பக்கமும் புது ஈயம் தாராளமா வச்சு, ரெண்டையும் மாத்தி மாத்தி சூடு காட்டினா தானா நகர்ந்து வரும். அப்புறம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுச் சுத்தமா துடைச்சுட்டு, பிளஸ் மைனஸ் பார்த்துப் புதுசு வைக்கணும். திரவமே இல்லாத செராமிக் வகை பொருந்தற இடத்துல அதையே வச்சுட்டா மறுபடி கசியற பேச்சுக்கே இடமில்லை. ஒரு எச்சரிக்கை: அந்த டியூப்லைட்டை எரிய வைக்கிற பகுதியில வோல்ட்டேஜ் அதிகம். ஓடிகிட்டு இருக்கும்போது அந்தப் பக்கம் விரலை நீட்டாதீங்க.

4. கேம் பாய்: செல் கக்கின போர்டு

கேம் பாய்லயும் எலெக்ட்ரோலைட்டிக் உண்டு. ஆனா முதல் கேம் பாய்ல பெரும்பாலும் கால் வச்ச பழைய வகை, அதுவும் கொஞ்சம்தான். கசியறது அபூர்வம். கேம் பாயைக் கொல்றது அதோட சோறு: பென்டார்ச் செல்.

கேம் பாய் பலசாலிங்கிறதுக்கு எல்லாரும் காட்டற ஒரு சாட்சி, வளைகுடாப் போர்ல எரிஞ்சு போன ஒரு கேம் பாய். அமெரிக்கப் படைவீரர் ஒருத்தரோடது. மேல் பிளாஸ்டிக் உருகிக் கறுத்துப் போயும் உள்ள டெட்ரிஸ் ஓடிச்சு. நியூயார்க்ல நிண்டெண்டோவோட கடையில பல வருஷம் காட்சிக்கு வச்சிருந்தாங்க. வாஸ்தவம்தான், நெருப்புக்கும் தப்பிச்சது. ஆனா 'அப்புறம் விளையாடலாம்'னு உள்ளயே விட்டுட்டு மறந்துபோன நாலு செல்லுக்கு அது தப்பாது.

ஆல்கலைன் செல்லுக்குள்ள இருக்கிறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுங்காரம். சும்மா கிடந்தாலும் உள்ள துத்தநாகம் மெதுவா அரிச்சு ஹைட்ரஜன் வாயு சேரும். அழுத்தம் தாங்காம அடைப்பு விட்டுக்கொடுக்கும். வெளிய வர்ற காரம் காத்துல இருக்கிற கரியமில வாயுவோட சேர்ந்து வெள்ளை வெள்ளையா பூக்கும். அது பொட்டாசியம் கார்பனேட். செல் கம்பியிலேர்ந்து ஊர்ந்து போர்டுக்குப் போய், செம்பு டிராக்கை அரிச்சுக் களிம்பேத்தும். மேல்பூச்சுக்கு அடியிலயே ஊர்ந்து போறதால எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்த்தவுடனே தெரியாது.

இப்படிப்பட்ட போர்டு வந்தா நான் செய்யறது இதுதான்:

முதல்ல என்ன செல்னு பார்ப்பேன். ஆல்கலைன்னா கக்கினது காரம், அதை முறிக்க லேசான அமிலம் வேணும், வினிகர் போதும். காது குடையற பஞ்சுக்குச்சியில தொட்டு வச்சா நுரைச்சுகிட்டு வரும். பழைய ஜிங்க்-கார்பன் செல்லா இருந்தா கக்கினது அமிலப்பாங்கானது. அதுக்கு சமையல் சோடா கரைச்ச தண்ணி. மாத்திப் போட்டா பிரயோஜனம் இல்லை. பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிறதும் அமிலம்தானேன்னு யாராவது கேப்பீங்க. போர்டுல புளி வேணாம் சாமி, அதோட சக்கை ஒவ்வொரு இடுக்குலயும் உக்காந்துக்கும் :-)

அப்புறம் டிஸ்டில்ட் வாட்டர்ல கழுவி, ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காயவிடுவேன். பூதக்கண்ணாடியில டிராக் ஒவ்வொண்ணா பார்ப்பேன். மேல்பூச்சு கொப்புளிச்சு, அடியில கறுத்தோ பச்சையாவோ இருந்தா ஃபைபர் கிளாஸ் பேனாவால சுரண்டி செம்பு பளபளன்னு தெரியற வரைக்கும் கொண்டு போகணும். மல்டிமீட்டரை 'பீப்' சத்தத்துல வச்சு ரெண்டு முனையையும் தொட்டா, உயிரோட இருக்கிற டிராக் கூவும், செத்தது கூவாது. உயிரோட இருக்கிறதுக்கு மேல மெல்லிசா ஈயம் பூசி விட்டுடலாம். செத்ததுக்கு முடி மாதிரி மெல்லிசான கம்பியை இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு இழுத்து ஜம்பர் போடணும். போர்டோட ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற குட்டித் துளைகள் இருக்கே, அதுதான் கள்ளன். மேல பார்த்தா நல்லா இருக்கும், உள்சுவர் அரிச்சுப் போயிருக்கும். கம்பியைத் துளைக்குள்ளயே விட்டு ரெண்டு பக்கமும் ஈயம் வைக்கணும். கடைசியா பிளஸ்ஸும் மைனஸும் ஒட்டிக்கலையேன்னு மீட்டர்ல பார்த்துட்டுத்தான் செல் போடுவேன்.

எல்லாமே பிழைக்கும்னு சொல்ல மாட்டேன். காரம் சிப் காலுக்கு அடியில போயிட்டா கஷ்டம்தான். அந்த மாதிரி போர்டை உறுப்பு தானத்துக்கு ஒதுக்கிடுவேன்.

இன்னொரு வியாதியும் உண்டு. திரையில மேலேர்ந்து கீழ நேர்கோடு நேர்கோடா சில வரிசை காணாமப் போயிருக்கும். திரைக் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல இருக்கிற பட்டைநாடா சூட்டுல அழுத்தி ஒட்டினது. அந்த ஒட்டு வருஷம் போகப் போக விட்டுக்குது. திரையோட அடிப்பக்கத்துல சூடான அயர்னை லேசா, நிக்காம ஓட்டினா மறுபடி ஒட்டிகிட்டு கோடுகள் ஒவ்வொண்ணா திரும்பி வரும். மொத தடவை அது திரும்பி வந்ததைப் பார்த்தப்ப நான் ராத்திரி ஒரு மணிக்குக் கை தட்டினேன். வீட்டுல எழுந்து வந்து பார்த்துட்டுப் போனாங்க.

இப்ப ரெண்டையும் எதிரெதிர வச்சுப் பாருங்க. கேம் பாய்க்கு வந்த வியாதி வெளியிலேர்ந்து வருது. செல்லைக் கழட்டி வச்சிருந்தா வந்திருக்காது. கேம் கியருக்கு வந்தது பிறவியிலயே உள்ள இருந்தது, எவ்வளவு பத்திரமா வச்சாலும் வரும். காய்ஞ்ச மரத்துக்கும் பச்சை மரத்துக்கும் உள்ள வித்தியாசம் கடையில தெரியலை, முதல் வருஷம் தெரியலை, முப்பதாவது வருஷம் தெரியுது.

5. 32 கிலோபைட்டுக்குள்ள குப்புசாமி

போர்டு செத்தா பொட்டிதான் போகும், வேற வாங்கிக்கலாம். கேம் கேட்ரிட்ஜுக்குள்ள இருக்கிற போர்டு அப்படியில்லை.

1996 பிப்ரவரியில ஜப்பான்ல வந்த போகிமான் மாதிரி கேம்கள்ல ஆட்டத்தைச் சேமிச்சு வைக்கலாம். சேமிச்சது இருக்கிறது ஒரு 32 கிலோபைட் நினைவகச் சிப்ல. கரண்டு போனா அது மறந்துடும். அதனால கேட்ரிட்ஜுக்குள்ளயே ஒரு பொத்தான் செல்லை வச்சு ஒட்டிட்டாங்க. பொட்டி அணைஞ்சிருக்கும்போது அந்தச் செல்தான் ஞாபகத்தைக் காப்பாத்துது. 1999-ல வந்த கோல்டு, சில்வர் கேட்ரிட்ஜ்ல நிஜ நேரம் பார்க்கிற கடிகாரமும் சேர்ந்துகிட்டதால செல் இன்னும் சீக்கிரம் தீரும். செல் செத்த அன்னிக்கு உள்ள இருக்கிறதும் போயிடும்.

சிங்கப்பூர்ல வளர்ந்த நண்பர் ஒருத்தர் தன்னோட பழைய கேட்ரிட்ஜைக் கொண்டு வந்து கொடுத்தார். "செல்லை மாத்திடுங்கண்ணே, ஆனா உள்ள இருக்கிறது போகக்கூடாது"ன்னார். என்ன இருக்குன்னு கேட்டேன். பள்ளிக்கூட நாள்ல அவரும் அவர் தங்கச்சியும் மாத்தி மாத்தி விளையாடினதாம். பிடிச்ச மிருகத்துக்கெல்லாம் தங்கச்சிதான் பேர் வச்சிருக்கு. பேருக்குப் பத்து எழுத்துதான் இடம், இங்கிலீஷ் எழுத்து. அதுக்குள்ள தாத்தா பேர், எதிர்வீட்டு ஆன்ட்டி பேர், கணக்கு வாத்தியார் பேர். ஒரு பெரிய டிராகனுக்குப் பேர் குப்புசாமி!

செல்லைக் கழட்டின அடுத்த கணம் குப்புசாமி காலி. ரெண்டு வழி இருக்கு. கேட்ரிட்ஜை கம்ப்யூட்டரோட இணைக்கிற ரீடர்ல போட்டு, சேமிச்சதைக் கோப்பா எடுத்துகிட்டு, செல்லை மாத்தின பிறகு திருப்பி எழுதலாம். இல்லைன்னா சிப்புக்கு வெளியிலேர்ந்து கரண்டு கொடுத்துகிட்டே செல்லைக் கழட்டலாம். அது ஓடற பஸ்சுக்கு டயர் மாத்தற கதை. நான் முதல் வழிதான். செல் வோல்ட்டேஜ் இறங்கியிருந்தாலும் சாகலை. கோப்பு முழுசா வந்துச்சு. காது வச்ச சிஆர்2025 செல்லை வச்சு ஈயம் வச்சேன் (காது இல்லாத செல் மேல நேரா அயர்ன் வைக்கவே கூடாது, வெடிக்கும்). திருப்பி எழுதி ஆன் பண்ணப்ப குப்புசாமி அப்படியே இருந்தார். நண்பர் போன்ல படம் எடுத்து தங்கச்சிக்கு அனுப்பினார்.

கல்வெட்டு, ஓலைச்சுவடி மட்டும்தான் ஆவணமா? 1990-கள் கடைசியில ரெண்டு தமிழ்ப் பிள்ளைங்க யாரை வச்சுச் சிரிச்சாங்கங்கிறதுக்கு உலகத்துலயே ஒரே ஆவணம் அந்த 32 கிலோபைட்தான். இந்த மாதிரி எத்தனையோ, இன்னிக்கும் ஏதோ ஒரு டப்பாவுல, சாகப்போற செல்லை நம்பிக் கிடக்கு.

6. மூணு இறகுத் திருகு

நம்ம ஊர்ல 90-கள்ல எல்லார் வீட்டுலயும் இருந்தது கேம் பாய் இல்லை, 'பிரிக் கேம்'. 9999 இன் 1-னு போட்டிருக்கும், திறந்து பார்த்தா எல்லாம் டெட்ரிஸ். மலிவு, பழகிய தொழில்நுட்பம், யோகோய் பார்த்தா சந்தோஷப்பட்டிருப்பார். ஆனா அதைத் திறந்தா போர்டு நடுவுல தார் ஊத்தின மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. சிப்பைப் போர்டுலயே நேரா ஒட்டி மேல எபாக்சி ஊத்தினது. திரை, பொத்தான், செல் கம்பின்னு சுத்தி இருக்கிறதைச் சரி பண்ணலாம்; கட்டிக்குள்ள போயிட்டா ஆண்டவனே வந்தாலும் ஆகாது. ஆக, காய்ஞ்ச மரமா இருந்தா மட்டும் போதாது, கழட்டவும் முடியணும்.

அந்த விஷயத்துல நிண்டெண்டோவும் உத்தமன் இல்லை. சாதா ஸ்க்ரூ டிரைவர் நுழையாத, மூணு இறகு வச்ச திருகைத்தான் கேம் பாய் குடும்பத்துக்குப் போட்டாங்க. கேட்ரிட்ஜுக்கு 3.8 மில்லிமீட்டர்ல வேற ஒரு தினுசு. 'இது உன் வேலை இல்லை, திறக்காதே'ங்கிறதுதான் அதோட அர்த்தம். இன்னிக்கு ரெண்டுக்கும் டிரைவர் சல்லிசா கிடைக்குது. திருகைத் தாண்டியாச்சு. சட்டம்தான் பாக்கி.

2023-ல அமெரிக்காவுல கலிபோர்னியாவும் மினசோட்டாவும் 'ரிப்பேர் பண்ற உரிமை'ச் சட்டம் கொண்டு வந்தாங்க. ரெண்டும் 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு. தயாரிப்பாளர்கள் உதிரி பாகம், கருவி, கையேடு எல்லாம் பொதுஜனத்துக்கும் கொடுக்கணும். படிச்சுகிட்டே வந்தா, ரெண்டு சட்டத்துலயும் விலக்குப் பட்டியல்ல வீடியோ கேம் கன்சோல்! திருட்டு கேம் பெருகிடும்ங்கிறது கம்பெனிகளோட வாதம். செல் கக்கின டிராக்குக்கு ஜம்பர் போடறதுல என்ன திருட்டு இருக்குன்னு எனக்கு விளங்கலை. ஐரோப்பிய யூனியன் 2023-ல போட்ட பேட்டரிச் சட்டம் கொஞ்சம் ஆறுதல். கையடக்கச் சாமான்கள்ல பேட்டரியை வாங்கினவங்களே கழட்டி மாத்தற மாதிரி இருக்கணும்ங்கிற அதோட விதிக்கு 2027 பிப்ரவரி 18 நாள் குறிச்சாங்க.

கம்பெனி கையேடு கொடுக்காத இடத்துல ஆர்வலர்களே வேலையைச் செஞ்சிருக்காங்க. கேம் பாய் போர்டை ஸ்கேன் பண்ணி, டிராக் டிராக்கா பின்தொடர்ந்து, முழு சர்க்யூட் வரைபடத்தையும் வரைஞ்சு பொதுவுல வச்சிருக்காங்க. கேம் கியருக்குப் புது கரண்டு போர்டே வடிவமைச்சு விக்கிறாங்க. சீட்டு மெஷின் பார்த்துக்க வந்த யோகோய் 1996-ல நிண்டெண்டோவை விட்டு வெளிய வந்தார், 1997 அக்டோபர் 4-ல சாலை விபத்துல இறந்து போனார். அவர் செஞ்ச பொட்டியை இன்னிக்குப் பார்த்துக்கறது, அவர் ஆரம்பிச்ச அதே வேலையைச் செய்யற, சம்பளம் வாங்காத ஒரு கூட்டம்.

உங்ககிட்ட ரெண்டே ரெண்டு வேண்டுகோள். வீட்டுல பழைய கேம் பொட்டி, ரிமோட், டார்ச், ரேடியோ எது இருந்தாலும் இன்னிக்கே எடுத்துச் செல்லைக் கழட்டி வைங்க. சேமிச்ச ஆட்டம் உள்ள இருக்கிற கேட்ரிட்ஜ் இருந்தா, செல் சாகறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்து உள்ள இருக்கிறதைப் பிரதி எடுத்துடுங்க.

எடுத்ததுல யாருக்காவது குப்புசாமி கிடைச்சா பின்னூட்டத்துல பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க.